சாட்சியத்துக்குக் களிம்பு தடவியவள்

போன மாதம் ஒரு இயந்திரம், நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டது.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை, இன்னும் இருக்கிறோம் என்று காட்டக் கைரேகை வைக்க வேண்டும். அதற்காகக் குன்னூர் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். வலது பெருவிரல் வைத்தேன், சிவப்பு விளக்கு. இடது பெருவிரல், அதற்கும் சிவப்பு. கடைக்காரர் துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னார், சேலையில் தேய்க்கச் சொன்னார், கடைசியில் நெற்றியில் ஒரு தடவு தடவிவிட்டு வைக்கச் சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பொறுமையிழந்து, "ஏனுங்க, அம்மா கண்ணு முன்னாடி நிக்கிறாங்களே, அது பத்தாதுங்களா?" என்று கேட்டார்.

பத்தாது என்று சொல்லும் சட்டத்தைத்தான் நான் இருபது வருடம் வகுப்பில் நடத்தினேன். அதனால் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். கடைக்காரர் கடைசியில் என் கண்ணைப் படம் பிடித்தார், இயந்திரம் போனால் போகிறது என்று ஒத்துக்கொண்டது. ஒரு வழியாக உயிர் பிழைத்து ஜெகதளா பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

புதிதாகச் சட்டம் கற்பிக்க வந்திருக்கும் நீங்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டு ஆறு மாதமாகிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்பு விளக்கு அடியெடுத்துக் கொடுத்துவிட்டது. நான் செய்த உருப்படியான காரியங்களைப் பற்றி ஓய்வு பெற்ற விழாவில் மற்றவர்கள் பேசிவிட்டார்கள், பாதி பொய். நான் செய்த ஒரு பெரிய முட்டாள்தனத்தைப் பற்றி நானே எழுதுகிறேன். இது முழுக்க உண்மை.

முதலில், நான் எப்படித் தொழில்நுட்பச் சட்டத்தில் நிபுணர் ஆனேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். மலைக்குக் கீழே, சமவெளியில் இருந்தது எங்கள் கல்லூரி. பாடத்திட்டத்தில் புதிதாகக் கணினிச் சட்டம் வந்த வருடம், துறைத் தலைவர் ஆசிரியர்கள் அறைக்குள் தலையை நீட்டி, யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று கேட்டார். அப்போது என் வீட்டில் மட்டும்தான் இருந்தது. என் தம்பி வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனது, அதன் மேல் பூச்சாடி வைத்திருந்தேன். "அப்ப அந்தப் பேப்பர் உங்களுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பூச்சாடியை இறக்கி வைத்தேன். அவ்வளவுதான் என் தகுதி.

ஆனால் பாடத்தை விடாப்பிடியாகப் படித்தேன். அதில் எனக்கு மிகப் பிடித்தது மின்னணுச் சாட்சியம். ஒரு போனோ கம்ப்யூட்டரோ வழக்கில் சாட்சியமாகப் போகிறது என்றால் அதைத் தொடாதே, திறக்காதே, துடைக்காதே, கிடைத்தது கிடைத்தபடி உறையில் போட்டு முத்திரை வை. இதை நான் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வேன். என்னிடம் படித்தவர்கள் இன்றைக்கும் எங்காவது பார்த்தால் மேசையைத் தட்டிக் காட்டுகிறார்கள். இவ்வளவு தட்டியவள் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

கல்லூரியிலிருந்து மாதம் இரண்டு சனிக்கிழமை மஞ்சூரில் இலவசச் சட்ட உதவி முகாம் நடத்துவோம். நானும் நாலைந்து மாணவர்களும் பர்லியாரில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு மலையேறுவோம். அந்த வளைவுகளில் பஸ் திரும்புகிறபோது மாணவர்களுக்கு அரசியலமைப்புச் சட்டமே மறந்துபோகும். முகாமுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டா, ரேஷன் கார்டு என்றுதான் வருவார்கள். தொழில்நுட்பம் என்று ஒருவரும் வரமாட்டேன் என்கிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை.

அப்போதுதான் பாக்கியம் வந்தாள். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள், வயது நாற்பத்தைந்து இருக்கும். அவள் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர், அவள் பிறந்தது இங்கே. கையில் இரண்டு கடிதங்கள். ஒன்றில், தொடர்ந்து பல நாள் வேலைக்கு வராததால் இடைநீக்கம் செய்யப்பட்டிருக்கிறாள், விசாரணைக்கு வர வேண்டும் என்று இருந்தது. இன்னொன்றில், பெயர் நீக்கப்பட்டால் முப்பது நாளில் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது.

"நான் ஒரு நாள்கூட லீவு போடலீங்க டீச்சரம்மா" என்றாள்.

நடந்தது இதுதான். அந்த எஸ்டேட்டில் வருகைக்குக் கையெழுத்துப் போடும் பேரேட்டை எடுத்துவிட்டு, கைரேகை வைக்கும் மிஷின் மாட்டினார்கள். இலை நிறுக்கும் கொட்டகையின் சுவரில் அது தொங்கியது. விரல் விழுந்தால் பச்சை விளக்கு எரிந்து, ஒரு பெண் குரல் தேங்க்யூ என்று சொல்லும். விழாவிட்டால் சிவப்பு. அங்கே வேலை செய்யும் பெண்கள் அதற்குத் தேங்க்யூக்காரி என்று பேர் வைத்திருந்தார்கள். எல்லோருடைய ரேகையையும் பதிவு செய்தது தை மாதத்துப் பனிக்காலத்தில். அப்போது செடியில் கொழுந்து இருக்காது, கைக்கு ஓய்வு. மழை பிடித்துக் கொழுந்து பொங்கிய பிறகு விரல் நுனியெல்லாம் கறை ஏறி, வெடித்து, ரேகை இருந்த இடமே தெரியாமல் போய்விடும். தேங்க்யூக்காரி வாயைத் திறக்க மாட்டாள்.

மிஷினில் பேர் விழாவிட்டால் தராசிலும் பேர் வராது. பறித்த இலையை என்ன செய்வது? பெண்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். விரல் விழாதவள் தன் மூட்டையை, விரல் விழுந்தவள் பேரில் போட்டுவிடுவாள். இன்றைக்கு உன் பேரில், நாளைக்கு என் பேரில். எடை எழுதும் கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பாக்கியத்துக்கு மட்டும் அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. அவள் இலை முழுக்க இன்னொருத்தி பேரில் போய்க்கொண்டிருந்தது, மிஷின் கணக்கில் அவள் ஊரிலேயே இல்லை.

யார் பேரில் போட்டாய் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். சொன்னால்தானே சாட்சி கிடைக்கும் என்று கோபப்பட்டேன். "அவளுக்கும் லயத்துலதானுங்க குடியிருப்பு. என் ஊட்டக் காப்பாத்த அவ ஊட்டப் பறிக்கறதுங்களா?" என்றாள்.

அவள் லயத்து வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். ஒரே கூரைக்குக் கீழே ஆறு குடும்பங்கள், அதில் கடைசி இரண்டு அறை இவளுடையது. மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பாக்கியம் அழவில்லை. அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "எங்கப்பாவுக்கு அங்கயும் ஊர் இல்ல, இங்கயும் ஊர் இல்லீங்க. இந்த ரெண்டு ரூம்பத்தான் ஊருன்னு சொல்லிட்டுப் போனாரு."

இந்த வீட்டைப் போக விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அதே சமயத்தில், உங்களிடம் ஒளிப்பானேன், உள்ளுக்குள் ஒரு குஷி. கடைசியில் ஒரு தொழில்நுட்ப வழக்கு! உடல் அடையாளத் தரவு, ஒப்புதல், அந்தரங்க உரிமை, இயந்திரத்தின் பிழை என்று மனதுக்குள் தலைப்புகள் ஓட ஆரம்பித்துவிட்டன. எஸ்டேட் துரை, அதாவது மேனேஜர், இளவயதுக்காரர். பாக்கியம் சார்பில் நான் பேசலாமா என்று கேட்டதற்குத் தாராளமாகச் சரி என்றார். விசாரணை அதிகாரி கீழிருந்து வரும் ஒரு வயதான வக்கீல். அவரிடம் தயார் செய்ய மூன்று வாரம் வாய்தா கேட்டேன். அவர் ஏற்கெனவே மப்ளருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார், உடனே கொடுத்துவிட்டார்.

கிளம்புகிறபோது பாக்கியத்தின் விரல்களைப் பார்த்தேன். கறுத்து, பாளம் பாளமாக வெடித்து, சாம்பாரில் கை வைத்தால் உயிர் போகும் போலிருந்தது. மஞ்சூர் மருந்துக் கடையில் ஒரு டப்பா களிம்பு வாங்கி, திரும்பிப் போய், நானே அவள் வீட்டுச் சன்னல் மேல் வைத்தேன். மூன்று வேளையும் தடவு என்று கண்டிப்பாகச் சொன்னேன். டீச்சர் சொன்னால் தட்டுகிற ஆளா அவள்? தடவியிருக்கிறாள்.

புரிந்துவிட்டதா உங்களுக்கு? எனக்கு மூன்று வாரம் புரியவில்லை.

பதினான்கு பக்கம் எழுதினேன். நீங்கள் படித்திருந்தால் அசந்துபோயிருப்பீர்கள். விசாரணையைக் கொட்டகையிலேயே, மிஷினுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அன்று பத்துப் பக்கம் முடிப்பதற்குள் அதிகாரி நாலு முறை கொட்டாவி விட்டார், கீழே போகும் கடைசி பஸ்ஸுக்கு மணி பார்த்தார். பதினோராம் பக்கத்தில் நான் ஒரு நாடகம் வைத்திருந்தேன். பேச்சை நிறுத்தி, கையை நீட்டி, "பாக்கியம், வந்து விரலை வைம்மா" என்றேன்.

பாக்கியம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எதையோ சொல்ல வந்தாள். நான் ம், ம் என்று அவசரப்படுத்தினேன். வைத்தாள்.

பச்சை விளக்கு. "தேங்க்யூ" என்றது சுவர்.

கொட்டகைத் தகரத்தில் மழை பெய்வது மட்டும் கேட்டது. அதிகாரி முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து, மிஷின் நன்றாகத்தானே வேலை செய்கிறது, அப்படியென்றால் இந்த அம்மா வேலைக்கு வரவில்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டார். நான் பாக்கியத்தின் கையைப் பார்த்தேன். மூன்று வார ஓய்வும் மூன்று வேளைக் களிம்பும். விரல் நுனி குழந்தையின் விரல் மாதிரி இருந்தது. போனைத் தொடாதே, துடைக்காதே என்று மேசையைத் தட்டியவள், என் கட்சிக்காரரின் ஒரே சாட்சியத்தை நானே காசு கொடுத்து வாங்கிய களிம்பால் அழித்திருக்கிறேன். எதிர்த் தரப்பு ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை.

அந்த நேரத்தில் நம் தொழிலில் இருப்பவர்கள் வாயில் தானாக வருகிற ஒரு சொல் உண்டு, வாய்தா. நான் அதற்கு வாயைத் திறந்தேன். பாக்கியம் முந்திக்கொண்டாள். என்னிடம் பேசவில்லை, நேரே துரையிடம் பேசினாள்.

"மறுபடி வாய்தா வேணாங்க தொரை. மூணு வாரம் சும்மா உக்கார வெச்சாங்க, கை ஆறிப்போச்சு. என்னய வேலைக்கு விடுங்க. ஆறு நாள் கொழுந்து எடுத்துட்டு, அடுத்த சனிக்கிழம இதே எடத்துல வெக்கறேன். அன்னிக்கும் பச்ச எரிஞ்சா, நானே சாவியக் குடுத்துட்டுப் போயிர்றேன்."

துரை அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்து, நீங்கள் சம்மதிக்கிறீர்களா என்று கேட்டார்.

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். விடை தெரியாத கேள்வியைக் கேட்காதே என்று நாம் எல்லோரும் வகுப்பில் சொல்கிறோம். இது விடை தெரியாத கேள்வி. ஆறு நாளில் ரேகை தேயுமா? எந்தப் புத்தகத்திலும் இல்லை. பச்சை எரிந்தால் அவள் தன் வாயாலேயே வீட்டை எழுதிக்கொடுத்தது மாதிரி. சம்மதிக்காமல் இருந்தால் என் பெயர் கெடாது, மேல்முறையீடு என்று இழுத்துக்கொண்டு போகலாம், பதினான்கு பக்கத்தை இன்னும் இரண்டு இடத்தில் படிக்கலாம். அதற்குள் முப்பது நாள் ஓடி, அவள் சாமான் வெளியே வந்துவிடும். எனக்கு யோசிக்கக் கிடைத்தது பத்து விநாடி. முடிவு செய்ய வைத்தது சட்டம் இல்லை, ஒரு சின்னக் கணக்கு. அந்தக் கையை எனக்கு மூன்று வாரமாகத் தெரியும், அவளுக்கு முப்பது வருடமாகத் தெரியும். வீடும் அவளுடையது. சம்மதம் என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன், மீதி மூன்று பக்கத்தை யாரும் கேட்கவும் இல்லை.

அந்த ஆறு நாள் நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். தினமும் சாயங்காலம் போன் செய்வேன். திங்கள், "பச்சைங்க." செவ்வாய், "பச்சைங்க." புதன்கிழமை நானே குரலை இறக்கி, கொஞ்சம் வேகமாகப் பறிக்கக் கூடாதா பாக்கியம் என்று கேட்டேன். "கொழுந்துதானுங்க பறிக்கறேன், கல்லு உடைக்கலியே" என்று சிரித்தாள். அவளுக்கு எங்கிருந்துதான் சிரிப்பு வந்ததோ. வியாழனும் பச்சை. வெள்ளிக்கிழமை மூன்று தடவை வைத்து மூன்றாவது தடவை பச்சை என்றாள். அன்று காலை வகுப்பில் சாட்சியத்தைப் பாதுகாப்பது பற்றிய பாடம். வக்கீலே சாட்சியத்தைக் கெடுத்துவிட்டால் என்ன ஆகும் மேடம் என்று ஒருவன் கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று மணி அடிப்பதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மஞ்சூரில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. கொட்டகையில் பெண்கள் இலை மூட்டையோடு வரிசையாக நின்றார்கள். அதிகாரி, துரை, கணக்கப்பிள்ளை, நான். பாக்கியம் கையை நன்றாகத் துடைத்துவிட்டு வலது பெருவிரலை வைத்தாள். சிவப்பு. ஈரமாக இருக்கும் என்று அதிகாரி தன் மப்ளரையே கொடுத்தார். துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னார். பத்து விரலுக்கும் சிவப்பு. என் வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே அழகான நிறம் அதுதான். நான் ஒரு பேராசிரியை என்பதை மறந்து கையைத் தட்டிவிட்டேன்.

அதிகாரி தலையை ஆட்டினார். ஆனால் அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மிஷின் சரியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த நாட்களில் இவர் வேலைக்கு வந்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த ஓட்டையை என் பதினான்கு பக்கத்தில் நான் பார்க்கவே இல்லை. பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். இலை யார் பேரில் போனது என்று அப்போதும் அவள் சொல்லவில்லை.

வரிசையில் மூன்றாவதாக நின்ற ஒரு பெண் மூட்டையைக் கீழே இறக்கினாள். காளியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன், பாக்கியத்துக்கு அடுத்த வீடு. நடந்து வந்து மிஷினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அவ எல எல்லாம் எம்பேருலதானுங்க இருக்குது. ஒருத்தி ஒரு நாளைக்கு அத்தன கிலோ எடுக்க முடியுமான்னு உங்க மிஷினையே கேளுங்க."

கேட்டார்கள். அந்த நாட்களில் காளியம்மாள் பேரில் விழுந்திருந்த எடை, இரண்டு ஆள் எடை. கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஆமாங்க தொரை, ரெண்டு பேரும் வந்தாங்க என்றார். துரை காளியம்மாளை என்ன செய்யப்போகிறாரோ என்று எனக்குப் பயம். அவர், பழைய பேரேடு எங்கே இருக்கிறது, எடுத்து வாருங்கள் என்று மட்டும் சொன்னார். மறுவாரம் பாக்கியத்தின் இரண்டு கடிதங்களும் ரத்தாயின. மிஷினுக்குக் கீழே ஒரு மேசை போட்டுப் பேரேட்டையும் வைத்தார்கள், விரல் விழாதவர்கள் கையெழுத்துப் போடலாம். காளியம்மாளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் அந்த மாணவன் கேட்ட கேள்விக்குப் பதிலாக இந்தக் கதையைச் சொன்னேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து நான் மேசையைத் தட்டுவதைக் குறைத்துக்கொண்டேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். சட்டத்தை நன்றாகப் படியுங்கள், அதில் சமரசம் வேண்டாம். ஆனால் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர் எதையோ சொல்ல வாயெடுத்தால், பதினோராம் பக்கமாக இருந்தாலும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அன்றைக்கு விரல் வைப்பதற்கு முன் பாக்கியம் என்ன சொல்ல வந்தாள் என்று பின்னால் கேட்டேன். கை ஆறிப்போச்சுங்க டீச்சரம்மா, இப்ப வெச்சா உழுந்துருங்க என்று சொல்லத்தான் வந்தாளாம். நான் ம், ம் என்றதால் வைத்துவிட்டாளாம்.

போன மாதம் கம்ப்யூட்டர் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவளுக்குத்தான் போன் போட்டேன். என் விரலும் விழவில்லை பாக்கியம் என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. பாத்திரம் விளக்கக்கூட ஆள் வைத்திருக்கும் உங்கள் விரலுக்கு என்ன கேடு என்று கேட்டாள். வயதாகிவிட்டது என்றேன்.

"அப்ப மூணு வாரம் சும்மா உக்காந்து, மூணு வேளையும் களிம்பு தடவுங்க. கண்டிப்பா உழுந்துருங்க" என்றாள். "நீங்க குடுத்த டப்பாவுல பாதி இன்னும் இருக்குது, அன்னிக்கு மூடி வெச்சதுதான்."

இத்தனை வருடமாகவா, எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"எங்கீங்க போகும், நம்ம ஊட்டுலதான். சன்னல் மேல, நீங்க வெச்ச எடத்துலயே."